சுவரோரத்து மேஜை

வருஷந்தோறும் மாசி, பங்குனி மாதங்களில் நம் வீடுகளில் ஓர் அதிசயம் நிகழ்கிறது. பரீட்சைக்குப் படிப்பதற்காக எத்தனை முறை தட்டி எழுப்பினாலும் எழுந்திராத பிள்ளைகள், அந்த ஒரு நாள் மட்டும், பொழுது விடிவதற்கு முன்பே தாமாக எழுந்து டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து விடுகிறார்கள். அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில், ஸினிமாக் கலைஞர்களுக்கு ஆஸ்கார் பரிசு வழங்கும் வைபவம் நடக்கிறதாம்! பெரியவர்கள் முதலில் கோபித்துக் கொள்கிறார்கள். காப்பி வந்ததும் அவர்களும் ஒரு நாற்காலியை மெள்ள இழுத்துப் போட்டுக் கொள்கிறார்கள். நாமும் அந்தக் கோஷ்டியில் சேர்ந்தவர்தான் என்பதை மறைப்பதற்கில்லை.

இந்தப் பழக்கம் நமக்குப் பலமாகப் பிடித்துக்கொண்டது 2009-ஆம் வருஷத்தில். அவ்வருஷம் பிப்ரவரி மாதம் 22-ந் தேதி, "ஸ்லம்டாக் மில்லியனேர்" படத்தின் இசைக்காக ஏ. ஆர். ரஹ்மான் இரண்டு பரிசுகளைப் பெற்றார். அந்த மேடையில் நின்று, எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழில் சொன்னார். உலகமெங்கும் கேட்டுக்கொண்டிருக்கையில் நம் தாய்மொழி அந்த மண்டபத்தில் ஒலித்தபோது நமக்கு உண்டான பெருமிதத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. நேயர்களுக்கும் அது உண்டாகியிருக்கும். ஹாலிவுட் மேடையில் நமக்கும் ஒரு முழம் இடம் கிடைத்துவிட்டது போலிருந்தது.

இடம் என்று சொன்னவுடன் நமக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. அது அதே பரிசு விழாவின் கதை. ஒரு மேஜையின் கதை. அந்த மேஜைக்கு முன்னால் உட்கார வைக்கப்பட்ட ஒரு பெண்மணியின் கதை. பரிசு பெற்றவர்களின் உடையலங்காரத்தைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் பல இருக்கின்றன. ஆகையால் இவ்வாரம் அந்த மேஜையைப் பற்றி எழுதுவதற்கு நேயர்கள் நமக்கு அநுமதி தரவேண்டும்.

*

முதலில் அந்தப் பரிசைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸினிமாப் பிலிம் சுருளின்மேல் வாளை ஊன்றிக்கொண்டு நிற்கும் ஒரு வீரனின் சிலை அது. உயரம் 13½ அங்குலம். எடை 8½ ராத்தல். மேலே தங்க முலாம். அமெரிக்க ஸினிமாக் கலைஞர்கள் 1927-ல் தங்களுக்கென்று ஒரு கழகம் அமைத்துக் கொண்டார்கள். அந்தக் கழகத்தின் முதல் பரிசளிப்பு 1929 மே மாதம் 16-ந் தேதி ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்தது. சுமார் 270 பேர் வந்திருந்தார்கள். விருந்துக்குக் கட்டணம் ஐந்து டாலர். பரிசு வழங்கிய காரியம் கால் மணி நேரத்தில் முடிந்து போயிற்று! யார் யாருக்குப் பரிசு என்பதை மூன்று மாதத்துக்கு முன்பே அறிவித்து விட்டார்களாதலால், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டிய அவசியமும் யாருக்கும் ஏற்படவில்லை. இக்காலத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் விழாவைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறவர்கள், அந்தப் பழைய சிக்கனத்தை நினைத்துப் பெருமூச்சும் விடலாம்.

நாம் சொல்ல வந்தது பன்னிரண்டாவது விழா. 1940-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 29-ந் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்து அம்பாஸடர் ஹோட்டலில், "கோகனட் குரோவ்" என்னும் விருந்து மண்டபத்தில் அது நடந்தது. பெயருக்குத் "தென்னந்தோப்பு" என்று பொருள். பெரிய மனிதர்களும் நட்சத்திரங்களும் இரவு விருந்துக்குக் கூடும் இடம் அது.

அந்த இரவு முழுவதும் ஒரே படத்தின் இரவு. "கான் வித் தி விண்ட்" என்ற படம் 13 பரிசுகளுக்குப் பிரேரேபிக்கப்பட்டு 8 பரிசுகளைத் தட்டிக்கொண்டு போயிற்று. சிறந்த படம் அதுவே. சிறந்த டைரக்டர் விக்டர் பிளெமிங். சிறந்த நடிகை விவியன் லீ. இந்த விவியன் லீ 1913-ல் நம் நாட்டு டார்ஜிலிங்கில் பிறந்தவர். கதையைப் படமாக எழுதிய சிட்னி ஹோவர்டோ அதற்குள் காலமாகி விட்டார். மறைந்த ஒருவருக்கு இப்பரிசு கொடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

அன்று இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பரிசு பெறுகிறவர்களின் பெயர்களை இரவு விழா முடிந்த பிறகே வெளியிடவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் பத்திரிகைகளுக்கு முன்னதாகவே தெரிவிப்பது அப்போது வழக்கமாயிருந்தது. "லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்" பத்திரிகை பொறுக்காமல் மாலைப் பதிப்பிலேயே போட்டுவிட்டது! விருந்துக்கு வந்தவர்கள் வாசலிலேயே முடிவைப் படித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். மறு வருஷத்திலிருந்துதான் முத்திரையிட்ட உறை வந்தது. இப்போது நம் பிள்ளைகள் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கும் அந்த உறையின் பிறப்பு இதுதான்.

*

அந்த மண்டபத்தில் நட்சத்திரங்கள் படம் படமாக, கம்பெனி கம்பெனியாக, வட்ட மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "கான் வித் தி விண்ட்" படத்தைத் தயாரித்த டேவிட் ஸெல்ஸ்னிக்கின் மேஜையில் விவியன் லீயும் மற்ற முக்கிய நடிகர்களும் இருந்தார்கள். அதே படத்தில் நடித்து, அதே இரவில் பரிசு பெறவிருந்த ஹாட்டி மக்டேனியல் அம்மையார் மட்டும் அங்கே இல்லை. வெகு தூரத்தில், சுவரோரமாக, ஒரு சின்ன மேஜையில், தம்முடன் வந்த ஒரு துணைவருடனும் தம்முடைய ஏஜண்டுடனும் உட்கார்ந்திருந்தார்.

காரணம், அந்த அம்மையாரின் நிறம். அம்பாஸடர் ஹோட்டலில் கறுப்பு மக்களை விருந்தினராக அநுமதிப்பதில்லை. பரிசு பெறுகிறவர் என்பதற்காகக்கூட அந்த வழக்கம் தானாகத் தளரவில்லை. ஸெல்ஸ்னிக் தனிப்பட்ட முறையில் வேண்டிக்கொண்ட பிறகே அவரை உள்ளே விட்டார்கள். உள்ளே விட்டதுதான் சலுகை. சுவரோரம் அந்தச் சலுகையின் எல்லை.

இதற்கு இரண்டரை மாதத்துக்கு முன்னால், 1939 டிசம்பர் 15-ந் தேதி, அப்படத்தின் முதற் காட்சி அட்லாண்டா நகரத்தில் பெரிய திருவிழாவாக நடந்தது. அங்கே தியேட்டரில் வெள்ளையரோடு கறுப்பர் சேர்ந்து உட்காரக் கூடாது என்பது சட்டம். படத்தில் நடித்த கறுப்பு நடிகர்கள் ஒருவரும் அங்கே போகவில்லை. கதாநாயகன் கிளார்க் கேபிள் இதைக் கேட்டுக் கோபங்கொண்டு, தாமும் வரமாட்டேன் என்றாராம். ஹாட்டி அம்மையார்தான் சமாதானம் சொல்லி அவரை அனுப்பி வைத்தாராம். அட்லாண்டாவில் தடுத்தது சட்டம்; லாஸ் ஏஞ்சலீஸில் ஒதுக்கியது வழக்கம். ஒதுக்கப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெயர் கூப்பிடப்பட்டது. ஹாட்டி அம்மையார் அந்தத் தூரத்து மேஜையிலிருந்து எழுந்து, மண்டபத்தை நடந்து கடந்து மேடைக்கு வந்தார். தலையில் வெள்ளைக் கார்டினியாப் பூச் சூடியிருந்தார். தம் இனத்துக்கும் தம் தொழிலுக்கும் என்றென்றும் பெருமை தேடித் தரவேண்டும் என்பதே தம் விருப்பம் என்று சொன்னபோது அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நிறைந்த சபை கைதட்டிற்று. பிறகு அவர் பரிசை எடுத்துக்கொண்டு மறுபடியும் சுவரோரத்துக்குத் திரும்பினார்.

பரிசு என்றால் சிலை அல்ல. துணை நடிகர்களுக்கு அக்காலத்தில் சிலை கொடுப்பதில்லை. சிறு உருவம் பதித்த ஒரு தகடுதான். அமெரிக்க ஸினிமாவில் கறுப்பு இனத்தவர் ஒருவர் பெற்ற முதல் ஆஸ்கார் அந்தத் தகடே.

*

ஹாட்டி அம்மையாரின் தாயும் தந்தையும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தந்தை, அடிமைத்தனத்தை ஒழித்த உள்நாட்டு யுத்தத்தில் வடக்கத்தியர் பக்கம் சிப்பாயாக நின்று போராடினார். அவர்களுடைய மகள் கான்ஸாஸ் மாகாணத்தில் 1890-களில் பிறந்து, பாட்டும் ஆட்டமுமாக ஊர் ஊராகச் சுற்றினார். 1929-ல் அமெரிக்காவில் வியாபாரம் படுத்துப் போனபோது, மில்வாக்கி நகரத்தில் ஒரு கேளிக்கை விடுதியின் ஸ்நான அறையில் பணிப்பெண்ணாக வேலை பார்த்தார். பின்னர் அதே விடுதியில் மேடையேறிப் பாடினார். ஹாலிவுட்டுக்கு வந்த பிறகு அவருக்குக் கிடைத்த வேஷங்களில் பெரும்பாலானவை வேலைக்காரி வேஷங்களே. பரிசு வாங்கித் தந்த வேஷமும் ஓர் அடிமை தாதியின் வேஷந்தான்.

விஷயத்தின் கசப்பு இங்கேதான் இருக்கிறது. அந்தப் படம் அடிமை முறை நிலவிய தென் மாகாணங்களின் பழைய வாழ்வைப் பொற்காலமாகக் காட்டும் படம். அடிமைகளின் மகள் அதில் அடிமையாக நடித்தார். சிறப்பாக நடித்தார் என்று பரிசளித்தார்கள். பரிசளித்த அன்றைக்கும் சுவரோரத்தில் உட்கார வைத்தார்கள். கதையில் எஜமானியம்மாளின் தலையை வாரிப் பின்னுகிறவளுக்கு, கதைக்கு வெளியே அந்த எஜமானியம்மாளோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட உரிமையில்லை!

அம்மையாரை அவர் இனத்தவர்களே குறை கூறினார்கள். கறுப்பு மக்களின் உரிமைக்குப் பாடுபட்ட சங்கத்தின் காரியதரிசி வால்டர் ஒயிட், இத்தகைய வேலைக்காரி வேஷங்கள் இனத்துக்கே இழிவு என்று கண்டித்தார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே மாதிரியான பாத்திரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால், வாழ்க்கையிலும் அவர்கள் அப்படித்தான் என்று ஜனங்கள் நம்பி விடுகிறார்கள் அல்லவா? ஆனால் அம்மையாரின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. வேலைக்காரியாக இருந்து வாரம் ஏழு டாலர் வாங்குவதைவிட, வேலைக்காரியாக நடித்து எழுநூறு டாலர் வாங்குவது மேல் என்று அவர் சொன்னதாக ஒரு வார்த்தை வழங்குகிறது. வேறு வேஷம் கொடுக்க யாரும் முன்வராத காலத்தில், கிடைத்த வேஷத்தை மனிதத் தன்மையோடு நடித்தவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எப்படி? வேஷங்களை எழுதியவர்களையும் பணம் போட்டவர்களையும் அல்லவா முதலில் விசாரிக்க வேண்டும்?

அம்மையார் அடங்கிக் கிடந்தவரும் அல்லர். லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில், "சுகர் ஹில்" என்று பேர் பெற்ற மேட்டில் அவர் ஒரு பெரிய வீடு வாங்கினார். வெள்ளையரல்லாதாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை அப்பகுதியின் வீட்டுப் பத்திரங்களிலே இருந்தது. அண்டை வீட்டு வெள்ளையர் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஹாட்டி அம்மையார் அங்கே குடியிருந்த மற்றக் கறுப்பு மக்களைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு எதிர்த்து வழக்காடினார். 1945 டிசம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். அத்தகைய நிபந்தனைகளைக் கோர்ட்டுகள் நிறைவேற்றக் கூடாது என்று 1948-ல் அமெரிக்காவின் தலைமை நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஹோட்டலில் சுவரோரம் உட்கார்ந்த அம்மையார், தம் சொந்த வீட்டை விட்டு நகர மறுத்தார். அவர் பெற்ற பரிசுகளில் இதைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம்.

*

1952 அக்டோபர் 26-ந் தேதி ஹாட்டி அம்மையார் காலமானார். ஹாலிவுட் மயானத்தில் தம்மை அடக்கம் செய்யவேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. ஸினிமா உலகத்தார் பலர் அங்கேதான் உறங்குகிறார்கள். மயானத்தாரோ, வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்று மறுத்து விட்டார்கள். உயிரோடிருந்தபோது மேஜை, இறந்த பிறகு ஆறடி மண். எல்லா இனத்தாரையும் ஏற்றுக்கொண்ட ரோஸ்டேல் மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். நாற்பத்தேழு வருஷம் கழித்து, 1999-ல், ஹாலிவுட் மயானத்தில் அவருக்கு ஒரு ஞாபகக் கல் எழுப்பினார்கள். கல் வந்தது, அவர் வரவில்லை.

அந்தத் தகட்டுக்கு என்ன ஆயிற்று? தம் உயிலில் அதை வாஷிங்டன் நகரத்திலுள்ள ஹோவர்ட் சர்வகலாசாலைக்கு எழுதி வைத்தார். கறுப்பு மாணவர்களின் கல்விக்குப் பேர் போன ஸ்தாபனம் அது. சில வருஷங்களுக்குப் பின் தகடு அங்கிருந்து காணாமற் போயிற்று. கடைசியில், 2023 அக்டோபர் முதல் தேதி, பரிசுக் கழகத்தார் புதிதாக ஒரு தகடு செய்து அதே சர்வகலாசாலையில் விழா நடத்திக் கொடுத்தார்கள். செய்தவரைக்கும் நல்லதுதான். எண்பத்துமூன்று வருஷம் கொஞ்சம் தாமதம்.

தாமதம் அவர் விஷயத்தோடு நிற்கவில்லை. சிறந்த நடிகர் என்ற பரிசு ஒரு கறுப்பருக்கு, ஸிட்னி பாய்டியருக்கு, 1964-ல் கிடைத்தது. ஹாட்டி அம்மையாருக்குப் பிறகு இன்னொரு கறுப்பு நடிகை இப்பரிசைத் தொட 51 வருஷம் ஆயிற்று. 1991-ல் ஹூப்பி கோல்ட்பர்க். சிறந்த நடிகை என்ற முதன்மைப் பரிசு 2002-ல் ஹாலி பெரிக்குக் கிடைத்தது. கதவு திறந்துவிட்டது என்று அன்று அவர் கண்ணீர் விட்டுச் சொன்னார். அடுத்த இருபது வருஷங்களில் அந்தக் கதவு வழியே வேறொரு கறுப்பு நடிகை வரவில்லை.

ஏன்? பரிசுக்குரியவரைத் தேர்ந்தெடுப்பது கழகத்தின் அங்கத்தினர்கள். 2012-ல் "லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்" பத்திரிகை விசாரித்தபோது அங்கத்தினர்களில் நூற்றுக்குச் சுமார் 94 பேர் வெள்ளையர், 77 பேர் ஆண்கள் என்று தெரிந்தது. 2015-லும் 2016-லும் நடிப்புப் பரிசுகளுக்குப் பிரேரேபிக்கப்பட்ட இருபது பேரும் வெள்ளையர்களாகவே இருந்தார்கள். ஊர் சிரித்தது. அதன் பிறகே பெண்களையும் மற்ற இனத்தாரையும் அதிகமாக அங்கத்தினராகச் சேர்ப்பது என்று கழகம் தீர்மானித்தது. மேடையில் நிற்பவர் யார் என்பது, ஓட்டுச் சீட்டைப் பிடித்திருக்கும் கைகளைப் பொறுத்தது. இது ஸினிமாவுக்கு மட்டும் உரிய உண்மை அல்லவே!

ஆனாலும் 2010-ஆம் வருஷத்து விழாவை நினைத்தால் நம் மனம் சிறிது ஆறுகிறது. துணை நடிகைக்குரிய பரிசை அன்று மோனிக் என்ற கறுப்பு நடிகை பெற்றார். நீல உடை உடுத்து, கூந்தலில் கார்டினியாப் பூச் சூடி வந்திருந்தார். நான் படவேண்டாம் என்பதற்காக ஹாட்டி மக்டேனியல் அவ்வளவையும் பட்டார் என்று மேடையிலேயே நன்றி சொன்னார். எழுபது வருஷத்துக்குப் பிறகு ஒரு பூ சொன்ன வந்தனம் அது.

*

"பார்த்தீர்களா, அமெரிக்கர்களின் யோக்யதையை!" என்று நேயர்கள் சிலர் இப்போது சொல்லலாம். நமக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். ஆனால் நாக்கு எழவில்லை. வாசலில் நின்ற ஒருவருக்குத் தனிக் கிளாஸில் காப்பி கொடுத்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். பாட்டைக் கேட்டு உருகி, பாடியவரைத் திண்ணையோடு அனுப்பிய வீடுகளையும் நாம் அறிவோம். ஒருவருடைய திறமையைப் புகழ்ந்து கையில் ஏதேனும் கொடுத்து அனுப்புவது சுலபம். அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி இலை போடுவதுதான் கடினம். ஹாலிவுட்டுக்காரர்கள் 1940-ல் முதலாவதைச் செய்தார்கள்; இரண்டாவதற்கு அவர்களுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த மாசியிலோ பங்குனியிலோ பிள்ளைகள் மறுபடி அதிகாலையில் எழுந்திருப்பார்கள். எழுந்திருக்கட்டும். யாருக்குப் பரிசு, யாருக்கு எந்த உடை என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அப்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள். இதன் கடைசிப் பகுதி குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

அம்பாஸடர் ஹோட்டல் இப்போது இல்லை. 1968-ல் ராபர்ட் கென்னடி சுடப்பட்டது அந்த ஹோட்டலில்தான். பிறகு அது க்ஷீணித்து மூடப்பட்டது. 2005, 2006-ஆம் வருஷங்களில் கட்டிடத்தை இடித்தார்கள். அந்த நிலத்தில் கென்னடியின் பெயரால் பொதுப் பள்ளிக்கூடங்கள் கட்டி, நகரத்துக் குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஒரு காலத்தில் ஓர் அம்மையார் சுவரோரமாக உட்கார்ந்திருந்த அந்த மனையில், இன்று பல நிறத்துக் குழந்தைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். அவர்களுக்கு இடம் வாங்கித் தர யாரும் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.